உஷார்! கருகிய கோழியெல்லாம் வெந்த கோழி அல்ல

விடுமுறைக்குச் செம்பாக்கம் வருகிறவர்களே, அவர்களைச் சாயங்காலம் வெளியே அழைத்துப் போகிற வீட்டுக்காரர்களே, தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். தாம்பரம் - வேளச்சேரி சாலையில் ஆறு மணிக்கு மேல் எழும் கரிப்புகை வாசனையை மட்டும் நம்பி எந்தக் கடையிலும் உட்காராதீர்கள். கைபேசி நாலரை நட்சத்திரம் காட்டுகிறது என்பதற்காகவும் உட்காராதீர்கள். தோல் கருகிப் பளபளக்கிற கோழி, எலும்போரம் பச்சையாக இருக்கலாம். அதைச் சாப்பிட்ட குழந்தை நாளை மறுநாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கலாம். வெறும் பயமுறுத்தல் என்று தள்ளிவிடாதீர்கள். நம் தமிழ்நாட்டிலும் பக்கத்துக் கேரளத்திலும் நடந்திருக்கிறது.

இந்த எச்சரிக்கைக்கு இப்போது அவசியம் கூடியிருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு, மதுரை, திருநெல்வேலி பக்கமிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையின் வாசல் தாம்பரம் வட்டாரம் என்றாகிவிட்டது. அத்தை, மாமா, பேரன், பேத்தி என்று வந்திறங்குகிற கூட்டம் முதலில் கேட்பதே, "இங்கே நல்ல கிரில் சிக்கன் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். மேடவாக்கம், சந்தோஷபுரம், செம்பாக்கம், காமராஜபுரம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் கேம்ப் ரோடு என்று நீளும் அந்த ஒரே சாலையில் தந்தூரி, கிரில், அல்ஃபாம், ஷவர்மா, மேஜையிலேயே கரியடுப்பு வைத்துத் தருகிற பார்பிக்யூ, எல்லாமே இருக்கிறது. நல்ல கடைகளும் இருக்கின்றன. எப்படித் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அவை அகப்படும்.

மூன்று ஊர்கள், மூன்று பிள்ளைகள்

2021 செப்டம்பரில் ஆரணியில் ஓட்டல் அசைவ உணவு சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி இறந்துபோனாள். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தாள். பாதிக்கப்பட்டவர்களின் மாதிரிகளில் ஷிகெல்லா என்ற கிருமி இருந்தது தெரியவந்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓட்டலிலிருந்து பார்சல் வாங்கி வந்த ஷவர்மாவை வீட்டில் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதே ஓட்டலில் சாப்பிட்ட 40-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

மூன்றும் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருந்த பாழடைந்த கடைகள் அல்ல. மக்கள் விரும்பிப் போன, கூட்டம் இருந்த கடைகள். செத்தது மூன்றும் பிள்ளைகள். ஒரே தட்டில் சாப்பிட்ட அப்பாவுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி, பத்து வயதுக் குழந்தையின் உடலில் இருக்கிற நீரையெல்லாம் சில மணி நேரத்தில் வற்ற வைத்துவிடும். கர்ப்பிணிகள், அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கும் இதே ஆபத்து. விருந்தாளிக் கூட்டத்தில் இவர்களில் ஒருவராவது இருப்பார். அவரை மனத்தில் வைத்துத்தான் கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நட்சத்திரங்கள் ஏன் காப்பாற்றாது?

வெளியூர்க்காரர் ஒரு கடையைத் தேடுவது எப்படி? கைபேசியைத் திறக்கிறார், நட்சத்திரத்தைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார், போகிறார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதே அவரும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார். இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது.

சால்மோனெல்லா கிருமி உடலுக்குள் போன பிறகு வேலையைக் காட்ட 6 மணி நேரம் முதல் 3 நாள் வரை எடுத்துக்கொள்ளும். கோழிக்கறியில் அதிகம் காணப்படும் கேம்பிலோபாக்டருக்கு 2 முதல் 5 நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை இரவு செம்பாக்கத்தில் சாப்பிட்டவருக்குப் புதன்கிழமை மதுரையில் காய்ச்சல் வரும். அதற்குள் அவர் வழியில் டீ குடித்திருப்பார், பஸ் நின்ற இடத்தில் பரோட்டா சாப்பிட்டிருப்பார், வீட்டில் பழைய குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டிருப்பார். கடைசியாகச் சாப்பிட்டது எதுவோ அதன் மேல்தான் பழி விழும். செம்பாக்கத்துக் கடையின் நட்சத்திரம் அப்படியே மின்னிக்கொண்டிருக்கும்.

உள்ளூர்க்காரர் வயிறு கெட்டால் தெருவில் நாலு பேரிடம் சொல்வார், மறுநாள் கடைக்கே போய்ச் சத்தம் போடுவார். வெளியூர்க்காரர் ஊருக்குப் போய்விடுகிறார். அவருக்கு வந்த நோய் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆகவே விருந்தாளிகளே, நட்சத்திரம் ருசிக்குச் சாட்சி சொல்லலாம். பாதுகாப்புக்குச் சாட்சி சொல்லாது. அதை உங்கள் கண்ணும் நாக்கும் கேள்வியும்தான் சோதிக்க வேண்டும்.

அடுப்புக்குள் நடப்பது என்ன?

கோழிக்கறியின் மிகத் தடித்த பகுதி, எலும்பை ஒட்டிய இடம், 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் இரண்டும் சாகும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு அடுப்பிலும் இந்தக் கணக்கு தவறுவதற்கு ஒரு வழி இருக்கிறது.

தந்தூர் அடுப்பின் அனல் மிகக் கடுமையானது. தயிரும் மசாலாவும் தடவிய மேல்பக்கம் சில நிமிடங்களில் கருகிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து உறைநிலை முழுதாக இறங்காத லெக் பீஸைக் கம்பியில் குத்தினால் மேலே கரி, நடுவே பச்சை. கூட்டம் நெருக்கும் ஞாயிறு இரவில் மாஸ்டருக்கு நேரம் இருக்காது. "சீக்கிரம் குடுங்க" என்று நாம் அவசரப்படுத்துவதும் இதற்கு ஒரு காரணம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சுழலும் கிரில் கோழியில் சிக்கல் வேறு மாதிரி. முதலிலேயே அரைவேக்காடாகச் சுட்டு எடுத்து வைத்துவிட்டு, ஆர்டர் வந்ததும் மறுபடி காட்டித் தருகிற வழக்கம் சில கடைகளில் உண்டு. அரைச்சூட்டில் கிருமி சாகாது. இடைப்பட்ட நேரத்தில் பெருகும். அதோடு ஸ்டேஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, கையில் புண்ணோ சீழோ உள்ளவர் தொட்ட கறியில் விடுகிற நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. "நல்லா சூடு பண்ணித்தானே கொடுத்தாங்க" என்ற ஆறுதல் அங்கே செல்லாது.

ஷவர்மா கம்பியில் அடுக்கிய கறியில் வெளிப்பக்கம் மட்டும்தான் நெருப்பைப் பார்க்கிறது. வெந்த ஓரத்தைச் சீவி எடுத்த பிறகு அடுத்த அடுக்கு வேகக் காத்திருக்க வேண்டும். கூட்டத்தில் காத்திருக்க மாட்டார்கள். கத்தி பச்சை வரைக்கும் போய்விடும். கூட்டம் இல்லாத நேரத்தில் நெருப்பை அணைத்துவிடுவார்கள். வெதுவெதுப்பான கறி மணிக்கணக்கில் நிற்கும். இரண்டுமே ஆபத்து. மீந்த கம்பியை மறுநாள் ஏற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

மேஜையில் கரியடுப்பு வைக்கிற பார்பிக்யூவில் பெரும்பாலும் உள்ளேயே வேகவைத்த கறியைத்தான் கம்பியில் கொண்டு வருவார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பரிமாறுபவரிடம், "இது வெந்ததா, நாங்கள்தான் வேகவைக்கணுமா?" என்று முதல் கம்பி வந்ததுமே கேளுங்கள். பச்சைக் கறியைத் தொட்ட இடுக்கியால் வெந்ததைத் தொடக் கூடாது. கறிக்கு மேல் பூச வைத்திருக்கிற சாஸ் கிண்ணத்தில் ஒரே தூரிகை பச்சைக்கும் வெந்ததற்கும் போய்வருகிறதா என்று பாருங்கள். போய்வந்தால் அந்தச் சாஸைத் தொடாதீர்கள்.

வெள்ளைக் கிண்ணமும் சிவப்புச் சாயமும்

கிரில் கோழியோடு வருகிற வெள்ளை மயோனைஸை நம் பிள்ளைகள் கறியைவிட ஆசையாக நக்குகிறார்கள். பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்தால் அதில் சால்மோனெல்லா தங்க வழி உண்டு; அதைச் சமைப்பதே இல்லை, அதனால் சாகவும் வழியில்லை. கேரள அரசு 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியில் ஓராண்டுக்குத் தடை போட்டது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்பு, இருப்பு, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்தது. மூன்று அரசுகள் அடுத்தடுத்துக் கை வைத்த பண்டம் இது என்றால் அதன் தீவிரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். "முட்டை போட்டதா, போடாததா? இங்கேயே அடிச்சதா, பாக்கெட்டா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிண்ணத்தைத் திருப்பி அனுப்புங்கள். குழந்தை அழுதால் அழட்டும். புதினாச் சட்னி கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது சிவப்பு. காஷ்மீர் மிளகாய்த்தூள் தடவிச் சுட்ட கோழி செம்பழுப்பாக இருக்கும். கருகிய இடத்தில் கறுத்திருக்கும். ரத்தச்சிவப்பாக, டாலடிக்கும் ஆரஞ்சாக இருந்தால் அது மிளகாய் கொடுத்த நிறம் அல்ல. கர்நாடக அரசு 2024 ஜூனில் கோழி, மீன் கபாப்களில் செயற்கைச் சாயம் சேர்ப்பதற்கே தடை போட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். கறிக்கு அடியில் வைத்த வெங்காயம் சிவந்துபோய், சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நுனியில் நிறம் போகவில்லை என்றால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

வதந்திக்குப் பயப்படுகிறோம், ஐஸுக்குப் பயப்படுவதில்லை

2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்திறங்கிய 2,000 கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சி பிடிபட்டபோது, நாய்க்கறி என்று ஊரெல்லாம் பேச்சு. பிரியாணிக் கடைகள் காற்று வாங்கின. கடைசியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனையில் அது ஆட்டுக்கறிதான் என்று தெரிந்தது. பதறிப்போய் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: அவ்வளவு தூரத்திலிருந்து ரயிலில் வந்த கறி எந்தக் குளிர்ச்சியில் வந்தது?

கிருமிக்கு என்ன மிருகம் என்பது கணக்கே இல்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு கிடைத்தால் போதும், பெருகிக்கொண்டே போகும். செம்பாக்கத்தின் சித்திரை வெயிலில் கடைப் பின்கட்டில், தரையில் வைத்த பேசினில், ஃப்ரீசர் கறி தண்ணீரில் மிதந்து உருகிக்கொண்டிருக்கிறது என்றால் அதுதான் உண்மையான அபாயச் சங்கு. முடிந்தால் கை கழுவப் போகும்போது பின்கட்டை ஒரு பார்வை பாருங்கள். முன்னால் மின்விளக்கு அலங்காரம் எவ்வளவு இருந்தாலும், அந்தப் பேசின் சொல்வதுதான் உண்மை.

உட்காரும் முன் பாருங்கள்

நல்ல கடையைக் கண்டுபிடிக்க இந்த வரிசையில் போங்கள்.

ஒன்று, சீக்கிரம் போங்கள். கரி நன்றாகத் தணலாகி முதல் ஈடு இறங்குகிற ஏழு மணிக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் கோழியும், கடை மூடப்போகும் நேரத்தில் போகிறவருக்குக் கிடைக்கும் கோழியும் ஒன்றல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு "கடைசி ரெண்டு பீஸ் இருக்கு" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு, மாஸ்டரிடம் நேரே கேளுங்கள். "அண்ணே, இது இப்போ போட்டதா, சாயங்காலமே போட்டு வெச்சதா?" நல்ல மாஸ்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். "இருபது நிமிஷம் ஆகும், உட்காருங்க" என்று சொல்கிற கடைதான் நீங்கள் தேடி வந்த கடை. ஐந்து நிமிடத்தில் முழுக் கோழி தருகிற கடையில்தான் யோசிக்க வேண்டும்.

மூன்று, உரிம எண்ணைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எண் கடையில் மாட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அச்சிட்டிருக்க வேண்டும். எண் இருப்பதால் கறி வெந்துவிடாது. ஆனால் நாளை ஏதாவது நடந்தால் கடையைப் பிடிக்க அதுதான் பிடி. பில் இல்லாமல் சாப்பிடாதீர்கள். ஒரு வாரம் வரை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

நான்கு, பச்சைக்கறி வைத்திருக்கும் இடத்தையும் வெங்காயம், எலுமிச்சை நறுக்கும் இடத்தையும் பாருங்கள். ஒரே பலகை, ஒரே கத்தி என்றால், கறி எவ்வளவு வெந்திருந்தாலும் பச்சை வெங்காயம் வழியாகக் கிருமி உங்கள் தட்டுக்கு வந்துவிடும்.

ஐந்து, தட்டு வந்ததும் முதலில் குழந்தைக்கு ஊட்டாதீர்கள். லெக் பீஸைத் தொடை மூட்டில் பிய்த்துப் பாருங்கள். ஆவி பறக்க வேண்டும். கசிகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும். சதை எலும்பைவிட்டுச் சுலபமாகக் கழல வேண்டும். ரப்பர் மாதிரி இழுத்தால், சாறு சிவந்திருந்தால், நடுவே ஜில்லென்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மசாலாச் சாயம் நிறத்தை மறைத்துவிடும். இளம் கோழியில் எலும்பு மஜ்ஜை கசிந்து வெந்த பிறகும் சிவப்புத் தெரியலாம். அதனால் நிறம் மட்டும் போதாது, சூடும் சதையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் மறுபடி அடுப்பேறட்டும். காசு கொடுக்கிறவர் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பார்சலோடு ஊர் சுற்றாதீர்கள்

மதியமே கிரில் பார்சல் வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிவிட்டுச் சாயங்காலம் எங்காவது உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். சமைத்த கறி வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். மூடிய கார் வெயிலில் நின்றால் அந்த ஒரு மணி நேரமும் கிடையாது. முதலில் ஊர் சுற்றுங்கள், கடைசியில் கடைக்குப் போங்கள், சூடாக அங்கேயே சாப்பிடுங்கள்.

சுற்றிப் பார்க்கச் செம்பாக்கத்தைச் சுற்றி நிறையவே இருக்கிறது. மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. யானையின் முதுகைப் போல வளைந்த தூங்கானை மாட விமானத்தைக் காண அந்தச் சின்ன ஊருக்கு அவசியம் போகலாம். திருநீர்மலையில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் காட்சி தருகிறார். செம்பாக்கம் ஏரி பல அமைப்புகளும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உழைத்து மீட்ட ஏரி. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் வந்திறங்கும். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர் பரப்பு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் குழந்தைகளோடு வாசல்வரை போய்த் திரும்புகிறவர்கள் பலர்.

ஆனால் இரண்டு இடங்களைப் பற்றிக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, கல்குவாரிக் குட்டைகள். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துப் பாறை சார்னோக்கைட் என்ற மிக உறுதியான கல். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போனது இந்தப் பல்லாவரத்துக் கல்தான். அதிலிருந்துதான் கல்லுக்கு அந்தப் பெயரே வந்தது. இவ்வளவு நல்ல கல் என்பதாலேயே மலையைத் தோண்டித் தோண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மழைநீர் தேங்கிய அந்தப் பள்ளங்கள் நீலமாக, அமைதியாக, படம் எடுக்க அழகாக இருக்கும். கரையிலிருந்து ஒரே அடியில் ஆழம் பல ஆள் உயரத்துக்கு இறங்கிவிடும்; பிடித்து ஏற எதுவும் இருக்காது. தென்சென்னைப் புறநகரில் நீச்சல் தெரிந்த இளைஞர்களே அவற்றில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். கைபேசி வரைபடத்தில் "வியூ பாயிண்ட்" என்று யாரோ குறித்திருந்தாலும் போகாதீர்கள்.

இரண்டாவது, நன்மங்கலம் காப்புக்காடும் ஏரிக்கரைகளும். அங்கே அடுப்பு மூட்டிக் கறி சுடலாம் என்று யாரும் கிளம்பக் கூடாது. காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கோடையில் காய்ந்த புதரில் ஒரு பொறி போதும். சாப்பிட்டுவிட்டு எலும்பை ஏரிக்கரையில் கொட்டினால் நாய்கள் அங்கேயே கூட்டம் சேரும். மறுநாள் காலை அங்கே நடக்க வருகிற முதியவரைத்தான் அவை துரத்தும்.

மூடிய அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம்

வாடகை வீடு எடுத்து, கையடக்கக் கரியடுப்பு வாங்கி, பால்கனியில் தாங்களே சுட்டுச் சாப்பிடுவது இப்போது இளைஞர்களிடையே பரவிவருகிறது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன திருச்சி இளைஞர்கள் இருவர், விடுதியில் கரியடுப்பில் கறி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, தணல் அணையாத அடுப்பு அறையில் இருக்கத் தூங்கி, மூச்சுத்திணறி இறந்துபோனார்கள்.

தீ அணைந்து சாம்பல் பூத்த கரியும் கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, வாந்தி, தூக்கம் என்று வரும். சாப்பிட்ட களைப்பு என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்க முடியாது. மழை வந்தது, கொசு கடிக்கிறது என்று அடுப்பை ஒரு நொடி கூட உள்ளே கொண்டுவராதீர்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி முழுதாக அணைத்து, வெளியிலேயே விடுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள்.

வயிறு கலங்கினால்

வாந்தி, பேதி தொடங்கியதும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனச் சேர்மானப்படி என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொடிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கி, அதில் சொன்ன அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். சர்க்கரை மிகுந்த பழரச பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட பானம் பேதியை அதிகப்படுத்தும். பேதியை நிறுத்துகிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தையின் கண் குழிந்துபோய்த் துவண்டு கிடக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் கடந்த ஐந்து நாளில் எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். அதே மேஜையில் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் போன் போட்டுக் கேளுங்கள்.

ஊருக்குப் போய்விட்டாலும் புகார் கொடுங்கள்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. தேசிய ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 112 100. 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் பதியலாம். பில், படம், சாப்பிட்ட நேரம், நோய் தொடங்கிய நேரம், எத்தனை பேருக்கு வந்தது என்பவற்றை அனுப்புங்கள். நீங்கள் திருநெல்வேலியில் இருந்தாலும் கடை செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள அதிகாரி போய்ப் பார்க்க முடியும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் விற்றவருக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம்; 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சட்டத்தில் பல் இருக்கிறது. கடிக்க வேண்டுமானால் யாராவது புகார் கொடுத்தாக வேண்டும்.

ஒரு கடையில் சாப்பிட்ட பத்துப் பேர் பத்து ஊருக்குப் பிரிந்துபோய்த் தனித்தனியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் அது பத்துச் சாதாரண வயிற்றுவலி. மூன்று பேர் புகார் கொடுத்தால் ஒரு கடையின் பெயர் வெளியே வரும், அடுப்பு சோதிக்கப்படும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளாம்பாக்கத்தில் இறங்குகிற குடும்பத்தின் குழந்தை தப்பிக்கும். உடம்பு தேறியதும் "போகட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே புகார் எண்ணைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்கு வரப்போகும் விருந்தாளிக்கும் அனுப்பிவையுங்கள். சாப்பிடும்போது பிய்த்துப் பாருங்கள், தயங்காமல் கேளுங்கள், வேகாததைத் திருப்பி அனுப்புங்கள்.